மூன்று நாள் சோற்றுக்கு முன்னும் பின்னும்

எமது ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மவுத்துச் செய்தி கேட்டால், அடுத்து நடக்க வேண்டியதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. கபுர் தோண்ட நாலு பேர் போவார்கள். கபன் துணிக்கு ஒருவர் கடைக்கு ஓடுவார். வாடகைக் கதிரைகள் வந்து இறங்கும். பக்கத்து வீட்டு அடுப்பில் பெரிய சட்டி ஏறும். மூன்று நாளைக்கு மையித்து வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டோம்.

இந்த வழக்கத்தின் வேர் மதீனாவில் இருக்கிறது. ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டு முஃத்தா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்த வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். துயரத்தில் இருப்பவருக்குச் சமைக்கவும் கை வராது என்பதை அறிந்த ஒரு சமூகமாக நாம் 1400 வருடங்களாக இருந்து வருகிறோம். அல்ஹம்துலில்லாஹ், அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

இன்றைய பதிவு அந்த மூன்று நாளுக்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் பற்றியது.

புற்றுநோயோ பாரிசவாதமோ வந்து, வைத்தியர்கள் "இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று சொன்ன ஒரு வாப்பாவை நினைத்துப் பாருங்கள். எட்டு மாதமாக ஒரு மகள் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள், துப்புரவு செய்கிறாள், நேரம் பார்த்து மருந்து கொடுக்கிறாள், இரவு மூன்று மணிக்கு முனகல் கேட்டு எழும்புகிறாள். அவளுடைய துயரம் மவுத்து அன்று தொடங்குவதில்லை. அவர் கடைசியாகத் தானாக எழுந்து வுளூச் செய்த நாளிலேயே தொடங்கிவிட்டது. நாம் சோற்றுச் சட்டியோடு அந்த வாசலுக்குப் போகும்போது அவள் எட்டு மாதம் அழுது முடித்திருப்பாள். நான்காம் நாள் நாம் சட்டியை வாங்கிக்கொண்டு வரும்போது, இன்னொரு வகையான அழுகை அங்கே தொடங்கும்.

நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் பராமரிப்பு வேண்டும் என்று உலகம் எப்போது கண்டுகொண்டது? யார் கண்டுகொண்டார்கள்? இந்த வரலாற்றில் ஒரு விடயம் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. இதைக் கண்டுகொண்டவர்களில் முக்கியமான சிலர் தாங்களே இழந்தவர்கள்.

1. லியோன் நகரத்து விதவைகள்

'ஹொஸ்பிஸ்' என்ற சொல்லின் லத்தீன் வேர் விருந்தோம்பலைக் குறிக்கும். மத்திய கால ஐரோப்பாவில் யாத்திரிகர்களும் வழிப்போக்கர்களும் தங்கிச் செல்லும் மடங்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. எமது பழைய முசாபர் கானாக்களை நினைத்துக்கொண்டால் சரி. மரணத்தை நெருங்கியவர்களுக்கென்றே ஒரு வீடு என்ற பொருளில் அந்தச் சொல் வழங்கத் தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டில்தான்.

அந்தக் கதையின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜான் கார்னியே என்ற பெண் வருகிறார். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். 1842 இல் அவர் தன்னைப் போன்ற விதவைகளைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அடுத்த வருடம் குணமாக்க முடியாத நோயாளிகளுக்கென ஒரு வீடு திறந்தார்கள். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த விதவைகளே.

பிறகு 1879 இல் டப்ளினிலும் 1905 இல் கிழக்கு லண்டனிலும் அயர்லாந்துக் கன்னியாஸ்திரிகள் இதே நோக்கத்துடன் இல்லங்களைத் திறந்தார்கள். ஆனால் இந்த இல்லங்களின் கவனம் முழுவதும் கட்டிலில் படுத்திருப்பவர் மேல்தான். பார்க்க வந்துபோகும் குடும்பத்தின் துயரம் இன்னும் யாருடைய வேலையாகவும் ஆகவில்லை.

2. பொஸ்டன் தீவிபத்து

துயரத்தை ஒரு வைத்தியரின் கண்ணோடு உற்றுப் பார்க்க வைத்தது ஒரு பேரழிவு. 1942 நவம்பர் 28 ஆம் திகதி இரவு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களையும் உறவினரை இழந்தவர்களையும் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் எரிக் லிண்டமன். இவர்களையும் வேறு விதமாக உறவுகளை இழந்தவர்களையும் சேர்த்து 101 பேரைப் பற்றி 1944 இல் அவர் வெளியிட்ட கட்டுரையே துயரத்தைப் பற்றிய நவீன ஆய்வின் முதல் தூண்களில் ஒன்று.

தொண்டை அடைப்பது, மூச்சு முட்டுவது, வயிறு காலியானது போல் இருப்பது, கை கால் சோர்ந்து போவது, இறந்தவரின் உருவம் கண்முன்னே நிற்பது, "நான் இன்னும் செய்திருக்கலாமே" என்ற குற்ற உணர்வு. இவை பைத்தியத்தின் அடையாளங்கள் இல்லை, துயரம் உடம்பில் எடுக்கும் வடிவங்கள் என்று அவர் பதிந்தார். மையித்து வீட்டில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரிந்ததுதான். ஆனால் வைத்திய ஏட்டில் அது எழுதப்பட்டது பெரிய விடயம்.

அந்தக் கட்டுரையில் எமது விடயத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு பகுதி உண்டு. போர்க்களத்திலிருந்து உயிரோடு திரும்பி வந்த ஒரு படைவீரரின் மனைவி அவரிடம் விவாகரத்துக் கேட்கிறாள். அவர் எப்படியும் இறந்துவிடுவார் என்று எண்ணி எண்ணி, அவள் அவருக்காக முன்கூட்டியே துக்கித்து முடித்துவிட்டாள். அவர் திரும்பி வந்தபோது அவள் மனதில் அவருக்கு இடம் இருக்கவில்லை. மரணத்துக்கு முன்பே வரும் இந்தத் துயரத்துக்கு லிண்டமன் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'முன்துயரம்' என்று சொல்லலாம்.

நீண்ட நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். உயிரோடு இருக்கிறவரைப் பார்த்துக்கொண்டே அவரை இழந்துகொண்டிருப்பார்கள். சில நேரம் "இவருக்கு இனியாவது லேசாகட்டுமே" என்று மனம் கேட்டுவிடும். அடுத்த கணம் அப்படிக் கேட்ட மனதை நினைத்து நடுங்குவார்கள். இதை வெளியில் யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

3. ஒரு ஜன்னலும் 19 வருடங்களும்

1948 இல் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் டேவிட் தஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தவர். லண்டனில் சொந்தம் என்று சொல்ல யாருமில்லை. அவரோடு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரான சிசிலி சொண்டர்ஸ். முதலில் தாதியாகப் பயின்று, முதுகு வலியால் அந்த வேலையை விட்டவர். இப்படி மரணிப்பவர்களுக்கு ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் கதைத்திருக்கிறார்கள். இறக்கும்போது தஸ்மா 500 பவுணை சொண்டர்ஸுக்கு எழுதிவைத்தார். அந்த வீட்டில் தான் ஒரு ஜன்னலாக இருப்பதாகச் சொல்லிச் சென்றார்.

அந்த ஜன்னலைச் சுற்றிச் சுவர் எழும்ப 19 வருடங்கள் ஆயின. "வைத்தியர்களை மாற்ற வேண்டுமானால் வைத்தியராகவே வா" என்ற கருத்துப்பட ஒருவர் சொன்ன ஆலோசனையை ஏற்று, முப்பது வயதுக்குப் பிறகு மருத்துவம் படித்து 1957 இல் அவர் வைத்தியரானார். கிழக்கு லண்டன் இல்லத்தில் வேலை செய்துகொண்டே, வலி வந்தபின் மருந்து கொடுக்காமல் வலி வருமுன்பே நேரம் தவறாமல் மோர்பின் கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1967 இல் தென் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. தஸ்மாவின் ஜன்னல் இன்றும் அங்கே இருக்கிறது.

இடையில் அவருக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1960 இல் அந்தோனி என்ற இன்னொரு போலந்து நோயாளி இறந்தார். சொண்டர்ஸ் அவரை ஆழமாக நேசித்திருந்தார். ஆனால் அவர் மனைவியும் இல்லை, உறவும் இல்லை. வார்டில் ஒரு வைத்தியர், அவ்வளவுதான். வெளிப்படையாகத் துக்கம் காக்க அவருக்கு உரிமை இருக்கவில்லை. அடுத்து அவருடைய தந்தையும் இறந்தார். நீண்ட காலம் மீள முடியாத துயரத்தில் கிடந்ததை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். 1989 இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிப்பட்ட துயரத்துக்கு 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். எமது வீடுகளில் பத்து வருடம் உம்மும்மாவைப் பார்த்துக்கொண்ட மருமகளையும், சம்பளத்துக்கு வந்து நோயாளியோடு ஒட்டிப்போன பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். மையித்து வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு, இவர்களிடம் நாம் தேத்தண்ணீர் கேட்போம்.

துயரத்தை உள்ளே இருந்து அறிந்த ஒருவர் கட்டிய இடம் என்பதால் செயின்ட் கிறிஸ்டோபர் வேறு மாதிரி இருந்தது. நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது என்றார் சொண்டர்ஸ். அதனால் குடும்பம் முழுவதும் பராமரிப்புக்குள் வந்தது. சின்னப் பிள்ளைகளும் பார்க்க வரலாம். அதே நேரம் ஆரம்ப காலத்தில் வாரத்தில் ஒரு நாள் பார்வையாளர் நேரமே வைக்கவில்லை. அன்று குடும்பத்தார் குற்ற உணர்வில்லாமல் வீட்டில் தூங்கலாம். 1969 இல் வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் குழுவும் தொடங்கியது.

4. கதவைத் தட்டிய தொண்டர்கள்

இந்த ஹொஸ்பிஸில் குடும்பத்தின் துயரத்தை முழுநேரக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் கொலின் மறே பார்க்ஸ் என்ற உளமருத்துவர். 1966 இல் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமலை சரிந்து பாடசாலை மேல் விழுந்து 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் மாண்டபோது, அந்தக் கிராமத்துக்குப் போய்ப் பெற்றோருக்கு உதவியவர்களில் அவரும் ஒருவர்.

பார்க்ஸும் சகாக்களும் 1969 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. முதல் ஆறு மாதத்தில் அவர்களில் 213 பேர் இறந்தார்கள். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட இது 40 சதவீதம் அதிகம். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வேறுபாடு படிப்படியாகக் குறைந்தது. "பொண்டாட்டி போய் ஆறு மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்" என்று எமது முதியோர் சொல்வதற்குக் கணக்கு கிடைத்தது இப்படித்தான்.

இந்த ஆபத்தைக் குறைக்க செயின்ட் கிறிஸ்டோபரில் அவர் ஒரு முறையை ஏற்படுத்தினார். நோயாளி இருக்கும்போதே, குடும்பத்தில் யார் மிகவும் நொறுங்கக்கூடியவர் என்று தாதியர் ஒரு கேள்வித்தாளின் உதவியோடு கணிப்பார்கள். மரணத்துக்குப் பிறகு பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவார். தொண்டர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை. கேட்கத் தெரிந்த மனிதர்கள். 1981 இல் பார்க்ஸ் இதன் பலனை ஆராய்ந்து வெளியிட்டபோது, உதவி பெற்றவர்களிடம் பதற்றமும் மருந்து, மது, புகையிலையை நாடுவதும் குறைவாக இருந்தன.

இந்த எண்ணம் அமெரிக்காவுக்கும் போனது. 1982 இல் அங்கே முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியில் ஹொஸ்பிஸ் சேர்க்கப்பட்டபோது, மரணத்துக்குப் பின் ஒரு வருடம் வரை குடும்பத்துக்கு ஆறுதல் சேவை கொடுப்பதும் ஹொஸ்பிஸின் கடமையானது. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் வெளியிட்ட வரைவிலக்கணத்திலும், நோய்க்காலத்திலும் இழப்புக்குப் பிறகும் குடும்பத்துக்குத் துணை நிற்பது இந்தப் பராமரிப்பின் ஒரு பகுதியாக எழுதப்பட்டது.

5. பராமரித்தவரின் உடம்பும் மனமும்

1999 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களைப் பற்றியது. பராமரிப்பின் சுமையால் நெருக்கடியில் இருந்தவர்கள் நான்கு வருடத்துக்குள் இறக்கும் ஆபத்து, பராமரிப்புச் சுமை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. நோயாளிக்கு மருந்து எடுக்கப் போகும் மனைவி தன்னுடைய பிரஷர் குளிசையை மறந்துவிடுகிறாள். அந்த மறதிக்கும் ஒரு விலை இருக்கிறது.

2003 இல் இன்னொரு ஆய்வு வந்தது. மறதிநோயால் இறந்தவர்களைப் பராமரித்த 217 உறவினர்களிடம் கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் வாரத்துக்கு 46 மணி நேரமாவது பராமரிப்பில் செலவிட்டவர்கள். ஒரு முழுநேர வேலையைவிட அதிகம். அந்த மரணம் தங்களுக்கு ஒரு விடுதலையாக இருந்தது என்று 72 சதவீதமானோர் ஒப்புக்கொண்டார்கள். நோயாளிக்கு அது விடுதலை என்று 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் சொன்னார்கள்.

இந்த 72 என்ற எண்ணை இதை வாசிக்கும் யாராவது ஒருவர் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். வாப்பாவோ உம்மாவோ மவுத்தான இரவில் உள்ளுக்குள் ஒரு மூச்சு இறங்கியதை நினைத்து வருடக்கணக்காகத் தன்னை வெறுத்துக்கொண்டிருப்பவர் எமது ஊர்களிலும் உண்டு. அன்பு குறைந்ததால் வந்த மூச்சில்லை அது. சுமந்தவருடைய தோள் அது.

6. 'அழாதே' என்று சொன்ன காலம்

துயரத்தை அவசரமாக முடித்துவைக்கும் ஆசை எமக்கு மட்டும் உரியதில்லை. 1917 இல் சிக்மண்ட் பிராய்ட், இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்று எழுதினார். 1920 இல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடம் ஒருபோதும் நிரம்புவதில்லை என்பதை அவரே ஏற்றுக்கொண்டார். கோட்பாட்டில் எழுதியது ஒன்று, தகப்பனாக அறிந்தது இன்னொன்று.

1969 இல் எலிசபெத் குப்ளர் ரொஸ் எழுதிய நூலிலிருந்து 'ஐந்து கட்டங்கள்' உலகெங்கும் பரவின. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசை, மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளோடு பேசி எழுதப்பட்டது. பிற்காலத்தில் அதை எடுத்து இழந்தவர்களின் தலையில் ஒரு பாடத்திட்டம் போல வைத்துவிட்டார்கள். நான்காம் கட்டம் முடிந்ததா, ஐந்துக்கு எப்போது வருவாய் என்று யாரையும் பரீட்சை வைக்கத் தேவையில்லை.

பின்வந்த ஆய்வாளர்கள் வாழ்க்கைக்கு நெருக்கமாக எழுதினார்கள். இறந்தவரோடான பிணைப்பு அறுவதில்லை, அது உருமாறித் தொடர்கிறது என்றது 1996 இல் வெளிவந்த ஒரு நூல். இழந்தவர் துயரத்துக்குள் போவதும், அதிலிருந்து விலகி அன்றாட வேலைக்குள் போவதுமாக மாறி மாறி அசைவதே இயல்பு என்று 1999 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். காலையில் அழுதவள் மாலையில் பிள்ளையோடு சிரிப்பது நடிப்பில்லை.

எமக்கு இது புதிதா? கதீஜா நாயகியும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த வருடத்துக்குத் துயர ஆண்டு என்றே எமது வரலாற்றில் பெயர். கதீஜா (ரழி) அவர்கள் மறைந்து வருடங்கள் கழிந்த பின்னும், ஆடு அறுத்தால் அவருடைய தோழியருக்கு ஒரு பங்கை நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவந்தார்கள். பிணைப்பு தொடர்வதற்கு இதைவிட அழகான உதாரணம் எமக்குத் தெரியாது. தன் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். ஸூரா யூஸுஃபில் பொறுமைக்கு முன்மாதிரியாக வரும் யஃகூப் நபி (அலை) அவர்களே துயரத்தால் கண் வெளுத்துப் போனவர். அப்படியிருக்க, அழுகிற ஒருவரிடம் "ஸப்ர் செய்யுங்க, அழக்கூடாது" என்று சொல்லும்போது நாம் ஸப்ரையும் பிழையாகச் சொல்லிக்கொடுக்கிறோம், அவருடைய வாயையும் மூடிவிடுகிறோம்.

7. மலப்புரத்து உண்டியல்

இவ்வளவும் செல்வந்த நாடுகளின் கதை, எமக்கு எப்படி என்று கேட்கலாம். கடலுக்கு அப்பால் கேரளத்தைப் பாருங்கள். 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கமருந்து வைத்தியர்களான ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி தணிக்கும் ஒரு சிறு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் பஸ் ஏறி வர முடியாது என்பது விரைவில் புரிந்தது. ஆகவே பராமரிப்பு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

வீட்டுக்குப் போனால் வேறொன்று தெரிந்தது. நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது. வீட்டில் அரிசி இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. மனைவி மாதக்கணக்காக யாரோடும் பேசவில்லை. இதற்கு வைத்தியர்கள் போதமாட்டார்கள், அக்கம்பக்கம் வேண்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில், 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஊராரே நடத்தும் அயலக வலையமைப்பு வேரூன்றியது. வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கத் தயாரானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், வீட்டுப் பெண்கள் என எல்லோரும் வந்தார்கள். கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறையாகப் பணம் சேர்த்தார்கள். நோயாளியின் வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் போயின. 2008 இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே அறிவித்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது.

அங்கே இருப்பவர்களும் எம்மைப் போல மீன் குழம்பும் சோறும் சாப்பிடுகிறவர்கள்தான். பள்ளிவாசலும் சங்கமும் வட்ஸ்அப் குழுவும் எமக்கும் உண்டு.

8. எமது நாட்டில்

இலங்கையில் மஹரகமவில் அபேக்ஷா வைத்தியசாலையும், அதே ஊரில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன ஹொஸ்பிஸும் இருக்கின்றன. பேலியேட்டிவ் கெயார் என்று வைத்தியர்கள் சொல்லும் இந்த நோவு தணிக்கும் பராமரிப்புக்கென 2019 முதல் 2023 வரைக்குமான தேசியத் திட்ட வரைவு ஒன்றையும் சுகாதார அமைச்சு வெளியிட்டது. ஆனால் ஹொஸ்பிஸ்கள் நாட்டில் மிகச் சில. கிண்ணியாவிலோ அக்கரைப்பற்றிலோ மன்னாரிலோ இருக்கும் ஒரு நோயாளிக்கு ஹொஸ்பிஸ் என்பது அவருடைய சொந்த வீட்டு அறைதான். அங்கே தாதியும் மகள்தான், இரவுக் காவலும் மகள்தான்.

விடைகொடுக்க முடியாமல் போனால் துயரம் என்ன ஆகும் என்பதை இந்த நாட்டு முஸ்லிம்கள் அண்மையில்தான் அனுபவித்தோம். கொவிட் காலத்தில் 2021 பெப்ரவரி வரை எமது ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. குளிப்பாட்டவும் கபன் இடவும் தொழுகை நடத்தவும் முடியாமல் போன குடும்பங்களின் காயம் இன்னும் ஆறவில்லை. கடைசிப் பணிவிடைகள் இழந்தவரையும் தாங்கி நிற்கின்றன என்பதை அந்த நாட்கள் எமக்குக் கசப்பாகக் கற்றுத்தந்தன. நோயாளி உயிரோடு இருக்கும்போதே மன்னிப்புக் கேட்கவும், நன்றி சொல்லவும், கை பிடித்து உட்காரவும் வாய்ப்புக் கிடைக்கிற குடும்பத்துக்கு அந்த நேரத்தை உண்டாக்கிக் கொடுப்பது எமது கையில் இருக்கிறது.

ஆசிரியர்களாகிய எமக்கு இதில் தனிப் பங்கு உண்டு. அமெரிக்காவில் தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது தெரிந்த வேறுபாடு முதலாம் வருடத்தைவிட இரண்டாம் வருடத்திலேயே தெளிவாக இருந்தது. நாம் எல்லோரும் மறந்துவிட்ட பிறகு என்று அர்த்தம். பின்வரிசையில் தூங்கும் பிள்ளை இரவு உம்மாவின் கட்டிலருகே விழித்திருந்த பிள்ளையாக இருக்கலாம். வாப்பா மவுத்தாகிப் பதினெட்டு மாதம் கழித்துக் கணக்கில் புள்ளி குறைந்தால், அதை மவுத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் நாமே.

9. செய்யக்கூடியவை

இந்த நெடிய வரலாற்றிலிருந்து எமது தெருவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை பெரிய செலவில்லாதவை.

மவுத்துக்கு முன்: நோயாளியைப் பார்க்கப் போகும்போது பராமரிப்பவரையும் பாருங்கள். "ஏதாவது வேணுமெண்டா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் நான் வந்து இருக்கிறன், நீங்க தூங்குங்க தாத்தா" என்று சொல்லுங்கள். அவருடைய மருந்தையும் கேளுங்கள், சாப்பாட்டையும் கேளுங்கள்.

வைத்தியம் பற்றி: இன்னொரு ஊரில் இன்னொரு மருந்து இருக்கிறதாம் என்று கட்டிலருகே சொல்லாதீர்கள். அவர்கள் எடுத்த முடிவு பிழை என்ற எண்ணம் பிறகு வருடக்கணக்கில் அவர்களை அரிக்கும்.

மவுத்துக்குப் பின்: நான்காம் நாள் போங்கள். நாற்பது நாள் கழித்துப் போங்கள். இத்தா முடியும் நாளில் ஒரு பெண் அந்த வீட்டில் இருக்கட்டும். முதல் நோன்பு, முதல் பெருநாள் இவற்றை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். போய், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்ப்பது அவர்களுக்கு இன்னொரு இழப்பு.

எல்லை தெரிந்திருங்கள்: பெரும்பாலானோர் நேரத்தோடும் துணையோடும் எழும்புவார்கள். ஆனால் ஆறு மாதமும் அதற்கு மேலும் கடந்த பின்னும் முதல் நாளைப் போலவே முடங்கிக் கிடந்தால், அது உலக சுகாதார நிறுவனமே நோயாகப் பதிந்துள்ள நீடித்த துயரமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. தானும் போய்விட வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இது ஈமானின் குறைவு இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனாஸாக் குழு எல்லா ஊரிலும் இருக்கிறது. மஹல்லாவில் இன்று படுக்கையில் இருப்பவர்கள் யார், அவர்களைப் பார்ப்பவர்கள் யார் என்று எழுதிய ஒரு கொப்பியும் இருக்கட்டும். பெண்கள் குழு அதை வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த அறைகளுக்குள் அவர்களால்தான் போக முடியும்.

உங்கள் ஊரில் இப்படி ஏதும் நடக்கிறது என்றால் கீழே எழுதுங்கள், மற்ற ஊர்களும் படித்துக்கொள்ளட்டும். நோயாளிகளின் கட்டிலருகே இன்றிரவும் விழித்திருப்பவர்களுக்கு அல்லாஹ் பலத்தையும், எமக்கு அவர்களுடைய வாசலை நினைவில் வைத்திருக்கும் மனதையும் தரட்டும்.